வாட்டம்: வெளியடுப்புக்கு வரும் தண்ணியும் போகும் தண்ணியும்

தண்ணீருக்காக நடந்த போராட்டங்களைப் பற்றி நம்மிடம் ஓரளவு எழுத்து இருக்கிறது. 1927 மார்ச் 20-ல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது, அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் அதே குளத்தில் பஞ்சகவ்யம் ஊற்றித் தீட்டுக் கழித்தது, வழக்கு இழுத்து இழுத்து 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய் உரிமை நிலைத்தது எல்லாம் நமக்குத் தெரியும். கிணற்றைப் பற்றி எழுதியாயிற்று. குளத்தைப் பற்றி, குழாயைப் பற்றி எழுதியாயிற்று. ஆனால் இதெல்லாம் தண்ணீரின் ஒரு பாதி வரலாறுதான். அரிசி களைந்து, களிப்பானை தேய்த்து, குண்டான் அலசிக் கொட்டுகிறோமே, அந்தத் தண்ணி எங்கே போகிறது? யார் வாசலில் போய் நிற்கிறது? அதை யார் கையால் வாரி எறிகிறார்கள்? இந்தப் பாதியைப் பற்றி நம் பக்கத்திலும் எழுத்து குறைவு, எதிர்ப்பக்கத்தில் சுத்தமாகக் கிடையாது. அசிங்கத்தைப் பற்றி என்னத்த எழுதறது என்று நினைத்திருக்கலாம். அசிங்கம் என்று ஒதுக்கப்பட்டதையே கையில் எடுத்துப் பேசவேண்டியவர்கள் நாம்.

மத்தூர் ஒன்றியத்துச் சேரிகளில் நீங்கள் காலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். அடுப்பு வீட்டுக்குள் இருக்காது. வாசலை ஒட்டி, கூரைத் தாழ்வாரத்தின் கீழே, அல்லது நாலு கம்பு நட்டுத் தென்னங்கீத்து போட்ட நிழலில் இருக்கும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு அலுமினியக் குண்டான், தேய்க்க சாம்பல், உட்கார ஒரு பலகைக்கல். அந்தக் கல்லைச் சுற்றி எப்போதும் ஈரம். ஈரத்திலிருந்து ஒரு விரல் அகலத்தில் ஒரு ஓட்டம் புறப்பட்டுத் தெருவுக்கு வரும், பக்கத்து வீட்டு ஓட்டத்தோடு சேரும், பத்தடி போய் ஒரு குழியில் நிற்கும். இதுதான் எங்கள் வெளிச்சமையலறையின் நீர் வழங்கலும் வடிகாலும். எந்த இஞ்சினீயரும் வரைபடம் போட்டதில்லை. பெண்கள் துடைப்பக் குச்சியால் மண்ணைக் கீறி விட்டு உண்டாக்கிய வடிகால் அது.

கேஸ் அடுப்பு வந்துவிட்டதே என்று சொல்லுவார்கள். வந்திருக்கிறது. டீயும் குழம்பும் உள்ளே ஆகிறது. களி கிளற, வெந்நீர் போட, நாலு பேர் வந்தால் சோறு வடிக்க, இன்றைக்கும் விறகடுப்புதான். களியைத் துடுப்பு போட்டுக் கிளறுவதற்குக் கை வீச இடம் வேண்டும். இரண்டு காலால் பானையை அணைத்துக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடம் வீட்டுக்குள் எப்போது இருந்தது?

வெளியடுப்பை ஏதோ நம்முடைய 'பழக்கம்', 'கலாச்சாரம்' என்று சில ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அது பழக்கம் இல்லை, சதுர அடிக் கணக்கு. குடிசைக் காலத்தில் ஓலைக்கூரைக்குக் கீழே தீ வைக்க முடியாது என்பதால் அடுப்பு வெளியே போனது. சரி, அரசாங்கம் காங்கிரீட் வீடு கட்டிக்கொடுத்ததே, அப்போது உள்ளே வந்ததா? தாட்கோ 1974-ல் ஆரம்பிக்கப்பட்டதே ஆதிதிராவிடருக்கு வீடு கட்டத்தான். 1985-ல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கென்றே வந்த திட்டம். வீட்டின் அளவு 20 சதுர மீட்டர். அதாவது 215 சதுர அடி. மூன்று தலைமுறை படுக்கிற இடத்தில் அடுப்பை எங்கே வைப்பது? 2016-ல் பிரதமர் வீட்டுத் திட்டம் என்று பெயர் மாற்றி வந்தபோதுதான் அளவை 25 சதுர மீட்டர் ஆக்கி, அதற்குள் சுகாதாரமாகச் சமைக்க ஒரு இடம் இருக்கவேண்டும் என்று விதியிலேயே எழுதினார்கள். முப்பது வருஷம் கழித்து அரசாங்கமே ஒப்புக்கொண்ட சங்கதி இது: சேரிக்காரன் வீட்டில் சமைக்கவும் செய்வான்! தமிழ்நாட்டில் 2011-ல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. அதில் சமையலறை என்று ஒன்று உண்டு. ஆனால் சமையலறை என்றால் சுவரா? உள்ளே வருகிற குழாயும், வெளியே போகிற துவாரமும், அந்தத் துவாரத்துக்கு அப்பால் ஒரு கால்வாயும் சேர்ந்தால்தான் சமையலறை. அது இல்லாத அறையில் விறகையும் மூட்டையையும் அடுக்கிவிட்டு எங்கள் பெண்கள் பழையபடி வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி வட்டாரத்து மலைகளை அறுத்து எடுக்கிற கிரானைட், வெளிநாடுகளுக்குப் போகிறது. அங்கே பணம் உள்ளவர்கள் தோட்டத்தில் சமைத்துச் சாப்பிடுவதற்கென்றே வெளிச்சமையலறை கட்டுகிறார்கள். கிரானைட் மேடை, சூடு தண்ணி, பச்சைத் தண்ணி இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், கொழுப்பைப் பிடித்து நிறுத்த ஒரு தொட்டி, குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணி உறைந்து வெடிக்காமல் இருக்க வடித்துவிடும் வால்வு. ஓய்வு நாளின் சந்தோஷத்துக்காக ஒருவன் அடுப்பை வெளியே கொண்டு வருகிறான். கல் உடைத்தவன் அடுப்பு வேறு வழியில்லாமல் வெளியே இருக்கிறது, மூணு கல்லின் மேலே. இரண்டுக்கும் பெயர் வெளிச்சமையலறைதான்.

வருகிற தண்ணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அது ஓரளவு தெரிந்த கதை. 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் எல்லாவற்றையும் எந்தச் சாதியாரும் பயன்படுத்தத் தடையில்லை என்றது. 1938-ல் எம்.சி.ராஜாவின் முயற்சியில் சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எழுத்தில் குறையே இல்லை. ஆனால் நடைமுறையில் அரசாங்கம் என்ன செய்தது? 1920-களிலிருந்து தொழிலாளர் இலாகா சேரிகளுக்குத் தனிக்கிணறு தோண்டிக்கொண்டே போனது. சட்டம் பொதுக்கிணறு என்று பேசியது, இலாகா தனிக்கிணறு வெட்டியது. ஊர்க்கிணற்றில் உரிமை கேட்டவனுக்கு, 'உனக்குத்தான் தனியாகக் கிணறு இருக்கே, அப்புறம் ஏன் இங்கே வர்ற?' என்று சொல்ல ஊர்க்காரர்களுக்கு அரசாங்கச் செலவிலேயே ஒரு பதில் கிடைத்தது. தனிக்கிணறு தாகத்தைத் தீர்த்தது, அதை நான் மறுக்கவில்லை. தாகத்தோடு சேர்த்து வழக்கையும் தீர்த்துக் கட்டிவிட்டது.

அதே முறைதான் பிறகு வந்த எல்லாவற்றிலும். 1980-களில் ஊருக்கு ஒரு அடிபம்பு, காலனிக்கு ஒரு அடிபம்பு. அப்புறம் ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு சின்டெக்ஸ் டேங்க். தனித்தொட்டி எவ்வளவு பாதுகாப்பு என்பதை 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பார்த்தோம். சேரி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. சிபிசிஐடி போலீஸ் 2025 ஜனவரியில் அதே சேரியைச் சேர்ந்த 3 பேர் மீதே குற்றப்பத்திரிகை கொடுத்தது. அந்த மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தண்ணிக்கு இன்னொரு கேடு உண்டு: புளோரைடு. தர்மபுரியிலும், 2004-ல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பாறைக்கடியில் இருக்கிற தண்ணியில் அது கலந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. போனால் முதலில் பல்லில் காவி ஏறும், பிறகு எலும்பு பிடித்துக்கொள்ளும். ஆழக்குழாய்க் கிணறு தோண்டத் தோண்ட இது கூடியது. சமையலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. தண்ணியைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது செறிந்துதான் போகும். 'காய்ச்சிக் குடிங்க' என்று சுகாதாரத் துறை சொன்னதை நம்பிக் காய்ச்சினவர்களுக்கும், உலைநீரிலேயே மாவைக் கொட்டிக் களி கிளறினவர்களுக்கும் அது சொட்டுக் குறையாமல் வயிற்றுக்குப் போயிற்று. தோட்டத்துக் கிணறும் ஆற்றுப் பாசனமும் உள்ளவன் வேறு தண்ணிக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே அடிபம்பை நம்பியிருக்கிற காலனி எங்கே மாறும்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காக வந்ததுதான். 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக 2013 மே மாதம் திறந்து வைத்தார்கள். காவிரித் தண்ணி மலையேறி எங்கள் மேட்டுக்காட்டுக்கு வந்தது பெரிய காரியம்தான், அதில் சந்தேகமில்லை. மேட்டுக்குத் தண்ணியை ஏற்ற முடிந்த அந்த இஞ்சினீயரிங்குக்கு, ஊர்த் தொட்டியிலிருந்து கீழே இருக்கிற சேரிக்கு இறக்குவது மட்டும் எப்படிக் கஷ்டமாகிறது என்பதுதான் என் கேள்வி.

குழாய் வேலை தெரிந்தவர்கள் யாரையும் கேளுங்கள். முதலில் சொல்லுகிற வார்த்தை 'வாட்டம்'. சரிவு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். மேஸ்திரி சொல்லுவது வாட்டம். தளம் போட்டாலும் வாட்டம் பார்க்கணும், கழிவுக் குழாய் பதித்தாலும் வாட்டம் பார்க்கணும், நூறுக்கு ஒண்ணாவது இறங்கணும். தண்ணி சாதி பார்க்காது, பள்ளம்தான் பார்க்கும். பெரும்பாலான ஊர்களில் சேரி பள்ளத்தில் இருக்கிறது. குடியிருப்புக்கு நல்ல மேட்டை ஊர் எடுத்துக்கொண்டது; ஏரிக்குக் கீழே, ஓடைக்கு ஓரத்தில், மழை வந்தால் நிற்கிற இடத்தில் சேரியை வைத்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையிலேயே, குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதாரன் நினைத்தால் காலி செய்யலாம் என்கிற விஷயம் வருகிறது. மனையே சொந்தமில்லாதவன் மேட்டை எங்கே கேட்பான்?

சரி, பள்ளத்தில் இருக்கிறோம். அப்படியானால் இயற்கை நியாயப்படி தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணி எங்களுக்குத்தான் வேகமாக வந்து கொட்டவேண்டும். மேட்டுத் தெருவில் சொட்டும்போது பள்ளத் தெருவில் பீச்சியடிக்க வேண்டும். அப்படி எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஊர்த் தெருவில் பெரிய குழாய் போகும். சேரி திரும்புகிற முனையில் அதைக் குறுக்கி ஒரு சின்னக் குழாயில் கொண்டு வருவார்கள். முனையில் ஒரு கேட் வால்வு. அந்த வால்வைத் திருகுகிற கை யாருடையது, எந்த நேரத்தில் திருகுகிறது, எத்தனை சுற்று திருகுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். நடுவில் ஊர் வீடுகள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும். கடைசி முனையில் எங்கள் பெண்கள் குழி தோண்டி, குழாயை அறுத்து, தரைக்குக் கீழே இறங்கிக் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். அந்தக் குழியில்தான் பாத்திரம் கழுவின தண்ணியும் வந்து இறங்கும். மின்சாரம் நின்று குழாய் காலியாகும்போது, உள்ளே உறிஞ்சுகிற காற்றோடு அந்தக் குழித்தண்ணியும் குழாய்க்குள் போகும். மறுநாள் காலையில் குடத்தில் முதலில் விழுவது அதுதான். ஆக, குழாயில் வருகிற தண்ணி மட்டும் பள்ளத்தை மறந்துவிடுகிறது. சாக்கடைத் தண்ணி ஒருநாளும் மறப்பதில்லை. வரும் தண்ணிக்கு வால்வு வைத்தவர்கள் போகும் தண்ணிக்கு வால்வு வைக்கவில்லை. ஊரின் வாட்டம் முழுக்க எங்களைப் பார்த்தே இருக்கிறது.

இனி அந்தப் போகும் தண்ணிக்கு வருகிறேன். தமிழ் படித்தவன் என்பதால் சொற்களைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கும் ஆசை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கதி பழசு. அங்கணம் என்று ஒரு சொல். தென்மாவட்டங்களில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அந்தப் பெயர் இன்னும் வழங்குகிறது. திருக்குறளில் 'அவையறிதல்' அதிகாரத்தின் கடைசிக் குறளில் இந்த அங்கணம் வருகிறது. தம் கூட்டத்தாரல்லாதவர் முன்னால் பேசுவது அங்கணத்தில் அமிழ்தத்தை ஊற்றுவது போல என்பது கருத்து. அங்கணம் என்பதற்கு உரைகாரர்கள் சுத்தமில்லாத முற்றம் என்று பொருள் எழுதினார்கள். நம்ம ஆள் இல்லாதவன் சபை, அழுக்குத் தண்ணி விழுகிற இடம்! உவமை எவ்வளவு சுலபமாக வந்து விழுந்திருக்கிறது பாருங்கள். மணிமேகலையில் நகரத்து அகழியைப் பாடுகிற இடத்தில் சுருங்கைத் தூம்பு வருகிறது. நிலத்துக்கடியில் மறைத்துக் கட்டிய வடிகால். பெண்கள் கூந்தல் கழுவிய நீர் முதலான வாசனை நீரெல்லாம் அதன் வழியாக அகழியில் கலப்பதாகக் காவியம் மகிழ்ந்து பாடுகிறது. ஆக, மூடிய வடிகால் கட்டத் தெரியாத நாடு இல்லை இது. மாடமாளிகையின் கழிவுநீருக்குக் காவியத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று எங்கள் குடியிருப்பு வருவது வரியில்லா நிலக் கணக்கில். அந்தச் சேரியின் தூம்பு எந்தக் கல்லிலும் இல்லை.

எங்கள் எல்லைப் பக்கத்தில் மூணு மொழி புழங்குகிறது. அருந்ததியர் தெருவில் தெலுங்கு, ஓசூர் தாண்டினால் கன்னடம். சாக்கடைக்குத் தெலுங்கில் தூமு என்பார்கள், நம்ம தூம்புதான் அது. கன்னடத்தில் மோரி. மொழி மாறினாலும் மோரியை வாருகிறவர் சாதி மாறுவதில்லை.

வசதியுள்ள விவசாயி வீட்டில் சமையல் கழிவுநீர் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று கூடச் சொல்லலாம். அரிசி களைந்த தண்ணியும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும், பாலாகத் திரும்பும். பாத்திரம் கழுவின தண்ணி பொழக்கடை வழியாக வாழைக்கும் தென்னைக்கும் போகும், தாராகவும் தேங்காயாகவும் திரும்பும். சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் இதைப் பார்த்து நம் முன்னோர் ஞானம் என்று புல்லரிக்கிறார்கள். அது ஞானம் மட்டும் இல்லை, பொழக்கடை. பின்னால் அரை ஏக்கர் இருந்தால் யாருக்கும் அந்த ஞானம் வரும். எங்களுக்கும் வாழை வைக்கத் தெரியும். நலத்துறை கொடுக்கிற மனை மூணு சென்ட். சுமார் 1,300 சதுர அடி. வீடு போக, ஆடு கட்ட, விறகு போட, மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு சாய்ப்பு இறக்க எல்லாம் அதற்குள்தான்.

இப்போது அதிகாரிகள் உறிஞ்சுகுழி தோண்டச் சொல்லுகிறார்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம், உள்ளே ஜல்லி, மேலே ஓட்டைப் பானையில் தேங்காய் நார் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிப்பது. நல்ல முறை, மணல் பாங்கான மண்ணில் நன்றாக வேலை செய்யும். நாரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் களிப்பசையும் எண்ணெயும் அடைத்து மாசத்துக்குள் குழி நிரம்பிவிடும். குடிநீர்க் கிணறு, அடிபம்புக்குப் பக்கத்தில் தோண்டக்கூடாது, 10 மீட்டராவது தள்ளி வேண்டும் என்பது பொதுவான விதி. 10 மீட்டர் என்றால் 33 அடி. மூணு சென்ட் மனைக்கு முகப்பு 30 அடி, நீளம் 43 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக் குழிக்கு 33 அடி தள்ளினால் அது அடுத்த வீட்டுக்காரி அடுப்படி. அது போக எங்கள் பூமி ஒரு முழத்துக்குக் கீழே பாறை. பாறை தண்ணி உறிஞ்சாது. இந்த எளிமையான கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. 'இவங்களுக்குச் சுத்தம் சொல்லிக் கொடுக்கணும்' என்று கூட்டம் போட்டு மைக்கில் பேசுகிறார்கள்.

2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய் வந்தால் மகிழ்ச்சி. என் தாய் தலைமுறை குடம் தூக்கித் தேய்ந்த இடுப்பைப் பார்த்தவன் வேறு எப்படிச் சொல்லுவேன்? ஆனால் வீட்டுக்குள் வருகிற 275 லிட்டரில் குடிப்பது எவ்வளவு? பெரும்பகுதி கழுவி வெளியேதான் வரும். நூறு வீட்டுக் காலனி என்றால் தினம் பல ஆயிரம் லிட்டர். குடத்தில் தூக்கிய காலத்தில் தண்ணியும் குறைவு, கழிவும் குறைவு. குழாய் போட்டுவிட்டுக் கால்வாய் போடாவிட்டால், தெரு முழுக்கச் சேறு. கொசு, காய்ச்சல், பக்கத்து வீட்டுச் சண்டை. உன் தண்ணி என் வாசலுக்கு வருது என்று சேரிக்குள்ளேயே பெண்கள் சண்டை போட்டுக்கொள்வதைத் தினம் கேட்கலாம். மேலத்தெருவின் முழுத் தண்ணியும் வந்து நிற்பதைப் பற்றி அவனிடம் சண்டை போட முடியாத கோபம், பக்கத்து வீட்டுக்காரி மேலே பாய்கிறது.

அப்படியே கால்வாய் போட்டாலும் அதை வாருவது யார்? உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1993-லும் 2013-லும் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கெல்லாம் மலத்தை வைத்து. சமையல் சாக்கடையை, அழுகின சோறும் எண்ணெயும் புழுவும் சேர்ந்த சேற்றை, வெறுங்கையால் வாருகிறவர் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அந்தச் சேற்றில் மலமும் கலந்துதான் வருகிறது என்பது வாருகிறவருக்குத் தெரியும், எழுதுகிறவருக்குத் தெரியாது.

டீக்கடையை மறந்துவிடக்கூடாது. இரட்டை டம்ளர் என்று பேசுகிறோம். டம்ளரை மட்டும்தான் பார்த்தோம். குடித்துவிட்டு அவனே கழுவி வைக்கவேண்டும் என்பது இரண்டாவது விதி. எங்கே கழுவுவது? கடைக்கு வெளியே, தனி வாளியில், சாக்கடை ஓரம் குனிந்து. நம் எச்சில் கலந்த தண்ணி கடைத் தண்ணியோடு சேரக்கூடாது, அதற்கு ஒரு தனி வடிகால். தீண்டாமையைப் போல நுணுக்கமாகப் பிளம்பிங் பார்த்த சாஸ்திரம் வேறு இல்லை.

பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு வருவோம். அதுதான் இந்த நாட்டின் பெரிய வெளிச்சமையலறை. 1920-ல் நீதிக்கட்சிக் காலத்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் ஆரம்பித்து, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவாக விரித்து, 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் சேர்ந்த ஒரு நீண்ட கதை. எத்தனை பேருக்கு அந்தச் சோறுதான் பள்ளிக்கூடத்துக்கு வழி காட்டியது! என் தலைமுறையில் எம்.ஏ. வரை வந்த பலருக்கு முதல் பட்டம் சத்துணவுத் தட்டுதான். ஆரம்பத்தில் பல இடங்களில் மரத்தடியில், கூரைக் கொட்டகையில் சமைத்தார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ கூரையில் ஏறி 94 குழந்தைகள் கருகின பிறகுதான் கூரைகள் இறங்கின. நெருப்புக்கு விதி வந்தது. தண்ணிக்கு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. நூறு பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற தண்ணி பள்ளி மைதானத்திலேயே ஒரு குட்டையாக நிற்பதைப் பார்க்காத கிராமத்துப் பள்ளி எத்தனை இருக்கும்?

அதே 2004-ல், ஏப்ரல் 20-ஆம் தேதி, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது: மதிய உணவுச் சமையலருக்கும் உதவியாளருக்கும் ஆள் எடுக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று. இந்திய நீதிமன்றங்கள் தீண்டாமையின் அடிவயிற்றில் கை வைத்த உத்தரவுகளில் இது ஒன்று என்பது என் எண்ணம். கிணற்றைத் தொடுவது ஒன்று. தலித் பெண் கை பட்ட சோற்றை ஊர்ப் பிள்ளை தின்பது வேறு. அதனால்தான் எதிர்ப்பும் அங்கே வெடித்தது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளியை மறித்தார்கள். அவரை மாற்றி உத்தரவும் போட்டார்கள். கண்டனம் கிளம்பின பிறகு மாற்றல் ரத்தானது, வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் வேலன்செட்டியூர்ப் பள்ளியில் காலை உணவுக்கும் அதே கதை. கலெக்டர் நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது. இந்த ஊர்களில் எல்லாம் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே பெண் பள்ளிக் கழிப்பறையைக் கழுவினால், சமையல் கூடத்துக்கு வெளியே நின்று அண்டா தேய்த்தால், சாக்கடையை வாரினால் யாரும் பள்ளியை மறிக்க மாட்டார்கள். போகும் தண்ணி பக்கம் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் நிற்கலாம். வரும் தண்ணி பக்கம், உலை வைக்கிற பக்கம் வந்தால்தான் தீட்டு. ஒரே சமையலறைக்குள் அந்தக் கோடு ஓடுகிறது.

ஓசூரில் சிப்காட் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. எங்கள் பிள்ளைகள் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவப் போனார்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனார்கள். கட்டட இடத்தில் தகரக் கொட்டகை, மூணு செங்கல் அடுப்பு, டேங்கர் தண்ணி. சமைக்கத் தனியிடமும் குளிக்கத் துவைக்க வசதியும் தரவேண்டும் என்று 1996-ஆம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டம் சொல்லுகிறது. அடுக்குமாடியின் இருபதாவது மாடி வரை சமையலறைக் குழாயும் கழிவுக் குழாயும் வாட்டம் பிசகாமல் பதித்துக் கொடுத்துவிட்டு, இரவு கொட்டகைக்குத் திரும்பி, சேற்றில் பலகை போட்டு உட்கார்ந்து சோறு வடிக்கிறார்கள். அவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த அடுக்குமாடிகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுந்து, நந்தி மலையிலிருந்து வருகிற தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. கடந்த பத்து வருஷத்தில் எத்தனையோ மழைக்காலங்களில் அந்த அணையிலிருந்து சோப்பு நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கி ரோட்டை மூடின படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பாத்திரம் கழுவின பவுடரும் துணி துவைத்த பவுடரும் சேர்ந்த நுரை. அந்த ஆறு கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பிப் பாரூர் ஏரிக்கும் பாய்கிறது. நிலம் வைத்திருக்கிற சாதி விவசாயிகள் கொதித்துப் போகிறார்கள். மேலே இருக்கிறவன் கழுவிக் கொட்டுவதை நாங்க ஏன் வாங்கிக்கணும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாமும் சேர்ந்து கேட்போம். ஆனால் இதே கேள்வியை இதே வார்த்தைகளில் அவர்கள் தெருவைப் பார்த்துக் கீழ்த்தெரு எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அந்த மேடையிலேயே எழுந்து சொல்லவும் வேண்டும். ஊரிலிருந்து சேரிக்கு வந்தால் இயற்கை, பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்தால் மாசு என்று இரண்டு அகராதி வைத்துக்கொள்ள முடியாது.

1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தலித்துகள் பயன்படுத்துகிற நீர்நிலையை அசுத்தமாக்குவதைக் குற்றம் என்கிறது. ஊர்ச் சாக்கடையின் வாய் சேரி அடிபம்பு மேடைக்குப் பக்கத்தில் வந்து முடிந்தால், அது இந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா? வழக்கறிஞர் தோழர்கள் இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும். தனி ஒருவன் வேண்டுமென்று செய்ததாகக் காட்ட முடியாது என்பார்கள். ஊராட்சித் தீர்மானம் போட்டு, எஸ்டிமேட் போட்டு, பில் பாஸ் செய்து கட்டின கால்வாயைவிட வேண்டுமென்று செய்ததற்கு வேறு என்ன சாட்சி?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2021-லிருந்து 2026 வரை 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டி வைக்கப்பட்டது. பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. அந்தப் பாதியில் எத்தனையோ ஊர்களில் கால்வாய் கட்டியிருக்கிறார்கள். கிராமசபையில் எழுந்து எம்-புக்கைக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று எழுதியிருக்கும், இன்னார் வீட்டிலிருந்து என்று. நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கால்வாயோடு நடந்து போங்கள். அது முடிகிற இடத்தில் யார் அடுப்பு இருக்கிறது, அடுப்பிலிருந்து எத்தனை அடி, அங்கே குழாய் எத்தனை அடியில் என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்றியத்துக்குப் பத்து ஊர் எழுதினாலும் போதும், அச்சிடுவோம்.